பொழுது சாய்வதற்குள் ஒரு மாத்திரை

பிரியா, அபி,

இதை உங்கள் இருவருக்காகவும் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அபி "ம்" என்பான், பிரியா "சரிப்பா, கிளாஸ் இருக்கு" என்பாள். தப்பாகச் சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் என் அப்பாவிடம் அதற்கு மேல் பேசியதில்லை. ஆனால் நான் அவர் பக்கத்து அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தேன். நீங்கள் திருவண்ணாமலையில், நான் அயர்லாந்தில். அதுதான் வித்தியாசம்.

அம்மா ஈரலுக்காக அந்த மாத்திரையைப் போட ஆரம்பித்து இந்த வாரத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. அதில் முதல் வருஷம் எப்படிப் போனது என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி இங்கே நடந்தது. நம் ஊர்க்காரர்கள் வேறு யாராவது இதைப் படித்தாலும் நல்லதுதான். அம்மாவைப் போல விளக்கு வைத்த பிறகு தண்ணீர்கூட வாயில் வைக்காதவர்கள் நம் பக்கத்துச் சமணர்களில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

1

என் வேலை என்னவென்று கேட்டால் "லேப்ல இருக்காரு" என்று சொல்லி வைக்கிறீர்கள். கேட்பவர்கள் நான் ரத்தம் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஊசியைத் தொட்டதே இல்லை. ப்ளஸ் டூவுக்கு மேல் ஒரு வருஷ சர்டிபிகேட் படிப்பு, அப்புறம் புதுச்சேரி மருந்துக் கம்பெனியில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை, அங்கேயே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது. இவ்வளவுதான் என் படிப்பு. அங்கே எனக்கு மேலே இருந்த ஒருவர் இங்கே வந்து, என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

இங்கே வைரஸை அடக்கும் மாத்திரைகளைச் சோதிக்கிறார்கள். ஒரு மாத்திரையில் மருந்து இவ்வளவு இருக்கிறது என்று அட்டையில் போட்டிருக்கும். அது உண்மைதானா, அதோடு வேண்டாதது எதுவும் கலந்திருக்கிறதா, கெட்டுப்போக ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லாம் வெள்ளைப் பொடி. அதனால் பிரித்துப் பார்க்கிறார்கள்.

பிரிப்பதற்கு ஒரு இரும்புக் குழாய். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அதற்குள் கோலமாவைவிட நைசான ஒரு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மாத்திரையைக் கரைத்து அதில் ஒரு துளியை அந்தக் குழாயின் ஒரு முனையில் விட்டு, பின்னாலிருந்து ஒரு திரவத்தை நல்ல அழுத்தத்தில் தள்ளுவார்கள். துளிக்குள் இருக்கும் பொருள்கள் எல்லாம் ஒன்றாகத்தான் கிளம்பும். ஆனால் சிலதுக்கு அந்தப் பொடி மேல் ஆசை ஜாஸ்தி. ஒட்டி ஒட்டி நின்று தாமதமாக வரும். ஆசை கம்மியாக இருப்பது நேராக ஓடி வந்துவிடும். மறுமுனையில் ஒரு விளக்கு இருக்கிறது. ஒவ்வொன்றும் அந்த வெளிச்சத்தைக் கடக்கும்போது திரையில் ஒரு கோடு எழும்பி இறங்கும். பார்ப்பதற்கு மலை மாதிரி இருக்கும். நல்ல மாத்திரை என்றால், வர வேண்டிய நேரத்தில், இருக்க வேண்டிய உயரத்தில் ஒரே ஒரு மலை.

இதை ஒருநாள் அபியிடம் சொன்னபோது அவன் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"ப்பா, பௌர்ணமிக்கு நம்ம ரோட்ல போறாங்களே, அது மாதிரியா?"

"எப்படிடா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பறாங்க இல்ல? கடை கடையா நிக்கறவங்க லேட்டா வர்றாங்க. எதையும் பாக்காம நடக்கறவங்க சீக்கிரம் வந்துடறாங்க."

"அதேதான்டா கண்ணு!"

"அப்போ நீங்க அங்க யாரு? பஜ்ஜி கடையா?"

"இல்ல. கூட்டம் போனப்புறம் ரோடு பெருக்கறாங்களே, அந்த ஆளு."

அவன் சிரித்தான். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு சோதனை முடிந்ததும் அந்தக் குழாயைச் சுத்தமான திரவம் விட்டு நெடுநேரம் கழுவ வேண்டும். முந்தைய மாத்திரையின் மிச்சம் உள்ளே உட்கார்ந்திருந்தால் அடுத்ததன் கணக்கு கெட்டுவிடும். அந்தக் கழுவல் என் பொறுப்பு. தள்ளுகிற திரவத்தைக் கலந்து, வடிகட்டி வைப்பதும் நான்தான்.

அந்த வருஷம் அபியும் நானும் ஒரே மூச்சில் அதிகம் பேசியது அன்றுதான்.

2

வடிகட்டுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அம்மா வீட்டில் குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். வடிகட்டி முடித்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, அதன் மேல் வடிகட்டிய தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி, துணியில் தங்கிய சின்னஞ்சிறு உயிர்களை, தண்ணீர் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவாள். என் கைக்கும் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம்.

இங்கே சேர்ந்த புதிதில், திரவத்தை மெல்லிய வட்டத் தாளில் வடிகட்டினேன். முடிந்ததும் கை தானாக அந்தத் தாளைத் திருப்பி, சுத்தமான திரவத்தை அதன் மேல் ஊற்றி, பழைய பாட்டிலிலேயே அலசி விட்டுவிட்டது. பின்னால் நோரீன் நின்றிருந்தாள். அவள்தான் எங்கள் பிரிவின் மூத்த சோதனையாளர். நரைத்த தலை, குட்டையான வாக்கியங்கள்.

"என்ன செய்கிறாய்?"

"திருப்பிக் கொடுக்கிறேன்."

"யாருக்கு?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேடினேன். உயிர்கள் என்றேன். சுட்டெரிக்கும் ரசாயனத்தில் என்ன உயிர் இருக்கப் போகிறது என்று அவள் கேட்கவில்லை. மொத்த பாட்டிலையும் கொட்டிவிட்டு மறுபடி செய்யச் சொன்னாள். அதிலிருந்து இன்றுவரை, வடிகட்டிய தாளை நான் குப்பையில் போடப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "வீட்டில் யாரும் இல்லை, போடலாம்" என்பாள். இந்த ஊரில் என்னோடு தினமும் கேலி பேசும் ஒரே ஆள் அவள்.

மற்றபடி இங்கே எல்லாம் அமைதி. பஸ்ஸில் அமைதி, மழையும்கூட சத்தமில்லாத மழை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு கதவு, கதவுக்கொரு பூட்டு. ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன்: "நம்ம மாடி ரூமுக்கு வருஷா வருஷம் வர்ற வெள்ளக்காரம்மா அமைதிய தேடித்தானே டிக்கெட் போட்டுக்கினு வர்றாங்க? இங்க அத எனக்கு சம்பளத்தோட குடுக்கறாங்க."

"அப்போ அந்தம்மாவ அங்கயே இருக்கச் சொல்லிட்டு நீங்க வந்துடுங்க," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

3

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இங்கே எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிடுவார்கள். அப்போது நம் ஊரில் பொழுது சாய்ந்து, அம்மா பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பாள். நான் பன்னிரண்டுக்கே சாப்பிட்டால், குளிர்காலத்தில் அங்கே ஐந்தரை. அம்மா தட்டில் உட்காரும் நேரம். அதனால் சாப்பாட்டு நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல், 'என் மனைவியின் சூரியன் மறைந்துவிடும்' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டேன்.

மேலாளர் அதை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கே வந்தார். "மனைவியின் சூரியனா? நம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

விளக்கினேன். கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து பன்னிரண்டு அடித்தால் யாராவது ஒருவர், "ஓடு, உன் மனைவியின் சூரியன் போகிறது" என்பார்.

என் விஷயத்திலும் முதல் குளிர்காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. இங்கே அப்போது நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து போனால் ராத்திரிதான். நான் அம்மா அளவுக்குக் கட்டுப்பாடானவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். "விஜி, நான் எந்த சூரியனுக்கு சாப்பிடறது? அங்க இருக்கறதுக்கா, இங்க இருக்கறதுக்கா?"

"உங்க தலைக்கு மேல எது இருக்கோ அதுக்கு. வெயில் காலத்துல அங்க பத்து மணி வரைக்கும் வெளிச்சம்னீங்களே, அப்போ மட்டும் கொண்டாட்டமா சாப்பிட்டீங்க இல்ல?"

இப்படித்தான் தினமும். பெரிய கேன்டீன், வரிசையாகக் காலி மேஜைகள், ஓரத்தில் நான், தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த போன். அதற்குள் நம் சமையலறை. அம்மா சாப்பிடுவாள், நான் சாப்பிடுவேன். சில நாள் பேச ஒன்றும் இருக்காது. மோர் சாதத்தின் கடைசி வாய் முடிந்ததும் அம்மா அலமாரிப் பக்கம் கையை நீட்டுவாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்குவாள். போனுக்கு நேராகக் காட்டி, "இதோ, போட்டுட்டேன், பாத்துக்குங்க" என்று விழுங்கி, சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பாள். அதோடு அவளுக்கு மறுநாள் காலை வரை தண்ணீரும் கிடையாது.

ஒரு வருஷம் தினமும் அதைப் பார்த்தேன். ஒரு புருஷனாக நான் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன். அவள் மாத்திரை போடுவதைப் பார்ப்பது.

4

அம்மாவுக்கு ஈரலில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்ததும் உங்கள் இருவருக்கும் ரத்தம் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து, தடுப்பூசியும் போட்டாயிற்று. அம்மாவுக்கு மட்டும் தினமும் ஒரு மாத்திரை, பல வருஷத்துக்கு. என்டெகாவிர் என்று பெயர். கம்பெனி வேறு என்றாலும், இங்கே என் குழாய் வழியாகத் தினமும் ஓடுவதும் அதே மருந்துதான். இதைச் சொன்னபோது அம்மாவுக்கு ஒரே பெருமை. "என் மாத்திரைய எங்க வீட்டுக்காரர்தான் டெஸ்ட் பண்றாரு," என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைரஸ் குறைந்திருந்தது. ஆனால் குறைய வேண்டிய அளவு குறையவில்லை. இப்படியே போனால் ஈரல் கெட்டுவிடும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். "தினமும் போடறீங்களாம்மா?" என்று கேட்டாராம். "ஒரு நாள்கூட விட்டதில்ல சார், எங்க வீட்டுக்காரரே சாட்சி," என்று அம்மா சொன்னாளாம்.

அன்று மத்தியானம் போனில் அம்மாவுக்குப் பதிலாகப் பிரியா இருந்தாள்.

"ப்பா, மாத்திரை டூப்ளிகேட்டா இருக்குமா?"

"அப்படி எல்லாம் இருக்காதும்மா."

"எப்படி சொல்றீங்க? பாத்தீங்களா? நீங்க டெஸ்ட் பண்ணி சொல்லுங்க. நாலு மாத்திரை அனுப்பறேன்."

"வெளியில இருந்து வர்றத இங்க பண்ண விடமாட்டாங்கம்மா."

"உலகத்துல இருக்கற எல்லார் மாத்திரையும் டெஸ்ட் பண்றீங்க. அம்மாவோடத மட்டும் பண்ண முடியாது. அப்புறம் இன்னாத்துக்கு அங்க இருக்கீங்க?"

போனை வைத்துவிட்டாள். நான் மீதிச் சாப்பாட்டை மூடி வைத்தேன். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது, நான் சத்தமாகக் கேட்டதில்லை.

பிரியா மாத்திரை அனுப்பத் தேவையே இல்லை. அதற்கு முந்தைய லீவு முடிந்து நான் கிளம்பியபோது அம்மா பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் கட்டிக் கொடுத்தாளே, அந்தப் பையில் அவளுடைய ஒரு அட்டை தவறி வந்திருந்தது. நாலு மாத்திரை. தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் தரம் பார்க்கும் பிரிவின் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார். "உங்கள் மனைவிக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் எண் போடாத ஒரு குப்பி இந்த அறைக்குள் போகக் கூடாது. அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது, எந்தச் சூட்டில் கிடந்தது, யார் கையில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மாத்திரைக்கு இயந்திரம் ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலை வைத்து என்ன செய்வீர்கள்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபப்படக்கூட முடியவில்லை.

அன்று சாயந்திரம் மாத்திரைக் கரைசல் நிரப்பிய குப்பிகளை இயந்திரத்தின் தட்டில் அடுக்கினேன். அடுக்குவது நான்தான். கடைசி வரிசையில் இடம் காலியாக இருந்தது. கோட்டுப் பையில் அந்த அட்டை இருந்தது. ஒரு மாத்திரை, ஒரு குடுவை, கொஞ்ச நேரம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இயந்திரம் தன் வழியாகப் போன ஒவ்வொரு துளியையும் பதிந்து வைத்துக்கொள்ளும். தெரிந்தால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும், அம்மாவின் மருந்துச் செலவும் நின்றுபோகும். அட்டையைத் தடவிக்கொண்டே நின்றேன். அப்புறம் தட்டை அப்படியே உள்ளே தள்ளி மூடினேன்.

பயத்தினால்தான் செய்யவில்லை, வேறு ஒன்றுமில்லை.

5

அதற்கடுத்த வாரம் நோரீன் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வந்தாள். அவளுடைய குழாய் கழுவலில் இருந்தது. கழுவி முடியும்வரை அவளுக்கு வேலை இல்லை. ஆளே இல்லாத கேன்டீனில் நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இதுதான் அந்தச் சூரியனா?" என்று போனைப் பார்த்துக் கையசைத்தாள்.

அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வணக்கங்க, சாப்டீங்களா?" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். "இப்போதுதான் ஆரம்பிக்கிறேன்" என்று நோரீன் ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ பாவம், இவ்ளோதானா? நாலு இட்லிகூட வராது போலிருக்கே!"

மோர் சாதம் முடிந்தது. அம்மா அலமாரிப் பக்கம் கையை நீட்டி, மாத்திரையைப் பிதுக்கி, வழக்கம்போல் காட்டி விழுங்கினாள்.

"அது என்ன?" என்றாள் நோரீன்.

"நாம் பார்க்கிற அதே மருந்துதான். என்டெகாவிர்."

நோரீன் ரொட்டியைக் கீழே வைத்தாள். "சாப்பாட்டோடா?"

"ஆமாம்."

"தினமுமா?"

"ஆமாம். ஏன்?"

"அது வெறும் வயிற்றில் போடுவது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். வயிற்றில் சோறு இருந்தால் உடம்பு அதை முழுசாக வாங்காது." என்னைப் பார்த்து, "என் குழாயைக் கழுவாமல் அடுத்ததை உள்ளே விடுவாயா நீ?" என்றாள்.

போனைக் கையில் எடுத்தேன்.

"விஜி, மாத்திரைய எப்போ போடச் சொன்னாரு டாக்டர்?"

"ராத்திரி படுக்கப் போறப்போ."

"அப்புறம் ஏன் இப்போ போடற?"

"ராத்திரி எப்படிங்க போடுவேன்? முழுங்க தண்ணி வேணுமே. அதான் பொழுதுக்குள்ள சாப்பாட்டோட முடிச்சுக்கறேன்."

"இத டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்கு? அவரு மருந்து விஷயம் பாக்கறாரு. இது சாமி விஷயம். ரெண்டையும் எதுக்குப் போட்டுக் கொழப்பணும்?" அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, எதனா தப்பா?"

நோரீன் என் தோளைத் தட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். நோரீன் சிரிக்கவில்லை. "சூரியன் உதித்த பிறகு தண்ணீர் குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

"அப்போது வயிறு காலியாகத்தானே இருக்கும்? முந்தைய நாள் சாயந்திரத்திலிருந்து."

"ஆமாம்."

"அப்புறம் என்ன?" என்று ரொட்டியை மறுபடி எடுத்தாள். "ஆனால் முதலில் அவளுடைய டாக்டரைக் கேள். நான் மாத்திரைக்கு டாக்டர், மனுஷருக்கு இல்லை."

6

மறுநாள் டாக்டரிடம் போய்வந்து பிரியா கூப்பிட்டாள். அவளாகவே கூப்பிட்டது. அந்தப் பேச்சை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"ப்பா, டாக்டர் தலையில கைய வச்சுக்கினாரு. 'ஏம்மா ஒரு வருஷமா சொல்லல?'ன்றாரு. அம்மா சொல்றாங்க, 'தெனமும் போடறியானு கேட்டீங்க, போடறேன்னு சொன்னேன். எப்போனு கேக்கலியே சார்'னு."

"அப்புறம்?"

"சிரிச்சுட்டாரு. அப்புறம் நெத்தியைத் தேச்சுக்கினு, 'நானும் கேட்டிருக்கணும்மா'ன்னாரு. மாத்திரைய இப்போதைக்கு மாத்த வேணாமாம். காலையில எழுந்ததும் வெறும் வயித்துல. ரெண்டு மணி நேரம் காப்பிகூட கூடாதாம். அதுக்கு அம்மா, 'காப்பிக்கு முன்னாடி எனக்கு கோயில் இருக்கு சார், அதுக்கே ரெண்டு மணி நேரம் ஆயிடும்'ன்றாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும்."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"ப்பா, அன்னிக்கு நான்..."

"விடும்மா."

"இல்ல, எதனா பண்ணட்டுமா நான்?"

"காலையில அங்க சூரியன் வரும்போது நான் இங்க தூங்கிக்கினு இருப்பேன். அம்மா மாத்திரை போடறத என்னால பாக்க முடியாது. நீ பாரு."

"நானா? ஆறு மணிக்கு எழுந்துக்கணுமா?"

"ம்."

"இதுக்கு அந்த டூப்ளிகேட்டே தேவலாம்," என்றாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்கு மறுநாள் நான் எழுந்து போனைப் பார்த்தேன். பிரியாவிடமிருந்து ஒரு போட்டோ. சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். பக்கத்தில் மாத்திரை அட்டை, ஒரு குழி காலி. ஜன்னல் வழியாக வெளிச்சம், அதில் மலையின் ஒரு ஓரம். எழுத்து ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு டம்ளர் வருகிறது. சில நாள் தேய்க்காத டம்ளர். ஒருநாள் பின்னால் அபி வாயில் நுரையோடு பல் தேய்த்துக்கொண்டு நின்றான். என் குழந்தைகளை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன், ஒரு டம்ளருக்குப் பின்னால்.

ஆறு மாசம் கழித்து வந்த முடிவில் வைரஸ் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார். மாத்திரையில் ஒரு குறையும் இல்லை. நோரீனிடம் சொன்னேன். "வீட்டில் யாரும் இல்லையா?" என்றாள், வடிகட்டும் தாளைப் பார்த்துச் சொல்கிற மாதிரியே. "இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். காலி செய்துகொண்டிருக்கிறார்கள்" என்றேன். அந்த நாலு மாத்திரையையும் இங்கே மருந்துக்கடையில் பழைய மருந்து போடும் பெட்டியில் போட்டேன்.

7

அவ்வளவுதான் கதை. சந்தோஷமான முடிவு. ஆனால் நேற்று மத்தியானம் நடந்ததையும் சொல்லாவிட்டால் இதை நான் எழுதியிருக்கவே வேண்டாம்.

பன்னிரண்டு மணி. காலி மேஜைகள். தண்ணீர் ஜக்கில் போன். அம்மா சாப்பிட்டாள், நான் சாப்பிட்டேன். பேச ஒன்றும் இல்லாத நாள். மோர் சாதத்தின் கடைசி வாய் முடிந்ததும் அம்மாவின் கை பழக்கத்தில் அலமாரிப் பக்கம் போனது. பாதியில் நின்றது. மாத்திரை காலையிலேயே போட்டாயிற்று. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மாத்திரை காலைக்குப் போனதிலிருந்து இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு வெற்றிடம் இருக்கிறது. வீணாகப் போன அந்த ஒரு வருஷமும், இந்த நேரத்தில் அவள் ஒன்றைக் காட்டுவாள், நான் பார்ப்பேன். அது தப்பான நேரம், தப்பான முறை. ஆனாலும் எங்களுக்கு அது இருந்தது.

"இப்ப உங்களுக்கு இன்னாத்த காட்டறது?" என்றாள் அம்மா.

"தண்ணி குடிக்கணும் இல்ல இன்னும்?"

"ஆமா."

"குடி. பாக்கறேன்."

"போங்க நீங்க. தண்ணி குடிக்கறத போய் யாராவது பாப்பாங்களா?"

ஆனாலும் சொம்பை எடுத்தாள். போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு அவளுக்கு அதுதான் கடைசித் தண்ணீர். நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல், முழுவதும் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்தாள்.

"இதோ, குடிச்சுட்டேன். பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. போனை வைத்ததும் எழுந்து, குழாய் கழுவப் போனேன்.